தொகையிடக் கற்கும் பிள்ளைகள்



பருவத் தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரங்களில் போதகர் வீட்டுக் கதவு வழக்கத்தைவிட அதிகமாகத் தட்டப்படும். இம்முறை வந்தவர்களுள் இரு குடும்பத்தார் ஒரே கேள்வியைக் கொண்டுவந்தனர். ஒருவருக்கு மகள், மற்றவருக்கு மகன். இருவரும் கணிதத்தில் இளங்கலைப் பட்டத்திற்குப் பயில்கிறவர்கள். இருவரும் முதலாண்டிலேயே தொகை நுண்கணிதத் தாளில் தேர்ச்சி பெறவில்லை. படிப்பை நிறுத்திவிடலாமா என்பதே கேள்வி. இதைக் குறித்து எழுத அவர்களுடைய சம்மதத்தைப் பெற்றிருக்கிறேன். ஆயினும் அவர்கள் யாரென்று ஆராய வேண்டாமென்று உங்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

"இதைப் படித்து என்ன பயன், ஐயா?" என்றார் தகப்பன்மாருள் ஒருவர். அது கோபத்தில் கேட்கப்பட்டதன்று. வேலைக்குப் போனால் அன்று மாலையே கூலி கைக்கு வருகிறது. படிப்போ மூன்று ஆண்டுகள் கேட்கிறது. இப்படிப்பட்ட கேள்விக்கு, "ஜெபம் செய்யுங்கள், கர்த்தர் வழிநடத்துவார்" என்று மாத்திரம் சொல்லி அனுப்பிவிடுவது போதகருக்கு எளிது. கேட்டவருக்கு அது பதிலாகாது. இறையியல் கல்லூரிக்குச் செல்லுமுன் நானும் கணிதமே பயின்றவன். நாராயணனும் மாணிக்கவாசகம் பிள்ளையும் எழுதிய நுண்கணிதப் புத்தகங்கள், அட்டை கிழிந்த நிலையில், இன்றும் என் அலமாரியில் வேத விளக்கவுரைகளுக்கு அருகே நிற்கின்றன. தமிழ்நாட்டில் கணிதம் பயின்ற பல தலைமுறையினர் அந்தப் புத்தகங்களைக் கடந்தே வந்தவர்கள். ஆகவே இந்த வாரம் அந்தப் பாடத்தைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். கணக்கு என்றதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். கூட்டலும் பெருக்கலும் அறிந்தவர் எவரும் இதைத் தொடரலாம்.

கேள்வி கேட்ட அந்தச் சகோதரர் கொத்தனார். லாரியில் வந்து இறங்கிய மணலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து பெருக்கி, 100 கனஅடிக்கு ஒரு யூனிட் என்று கணக்கிடுவார். குவியல் ஒருபுறம் சரிந்து கிடந்தால், இரண்டு மூன்று இடங்களில் உயரத்தை அளந்து சராசரி எடுப்பார். அந்தச் சராசரிதான் தொகை நுண்கணிதத்தின் வாசற்படி. சீரற்ற ஒன்றை மெல்லிய துண்டுகளாக எண்ணிக்கொள்வது, ஒவ்வொரு துண்டையும் ஏறக்குறைய சீரானது என்று கொண்டு அளப்பது, பின்பு எல்லாவற்றையும் கூட்டுவது; துண்டுகள் மெலிய மெலிய அந்தக் கூட்டுத்தொகை எந்த எண்ணை நோக்கி நெருங்குகிறதோ, அதுவே வரையறுத்த தொகை. பல்கலைக்கழகப் புத்தகத்தின் குறியீடுகள் அனைத்தும் இந்த ஒரு செயலைச் சுருக்கி எழுதும் வழிகளே.

நமக்கு அருகிலுள்ள வேங்கிக்கால் ஏரியை எண்ணிப் பாருங்கள். அது நிரம்பியிருக்கையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஒருவர் கேட்டால், எப்படிச் சொல்வது? ஏரி பெட்டி வடிவில் இல்லை. கரை வளைந்து செல்கிறது, தரை மேடும் பள்ளமுமாய் இருக்கிறது. கோடையில் வறண்ட தரையை அளந்து, ஒவ்வொரு மீட்டர் உயரத்திலும் நீர்ப்பரப்பு எவ்வளவு விரியும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். கணக்கு எளிதாகும்படி எண்களை நானே அமைக்கிறேன். இவை நம் ஏரியின் உண்மையான அளவுகள் அல்ல. அடியில் 2 ஹெக்டேர், ஒரு மீட்டர் உயரத்தில் 5, இரண்டில் 9, மூன்றில் 14, நான்கில் 20. முதல் அடுக்கின் சராசரிப் பரப்பு மூன்றரை ஹெக்டேர், அடுத்தது 7, அதற்கடுத்தது பதினொன்றரை, மேல் அடுக்கு 17. கூட்டினால் 39. ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் உயரம் நின்றால் அது ஒரு கோடி லிட்டர். ஆகவே ஏரியில் 39 கோடி லிட்டர். இதில் மேல் ஒரு மீட்டரில் மட்டும் 17 கோடி லிட்டர் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். ஏரி விளிம்பு தட்டும் வேளையில் நீர்மட்டம் மெதுவாகவே உயர்கிறது என்று நாம் அலட்சியமாய் இருந்துவிடுகிறோம். உண்மையில் அந்த மெதுவான உயர்வில்தான் மிகுதியான நீர் சேர்கிறது.

துண்டு துண்டாக எண்ணிக் கூட்டும் இந்த வழி மிகப் பழையது. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் சிரக்கூசாவில் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ், திண்மங்களை மெல்லிய சீவல்களாகக் கற்பனை செய்து, அவற்றைத் தராசில் நிறுத்துப் பார்ப்பதுபோல் எண்ணி, கன அளவுகளைக் கண்டார். அந்த முறையை விவரித்து எரட்டோஸ்தனீஸ் என்னும் அறிஞருக்கு அவர் எழுதிய நூல் நமக்குக் கிடைத்த விதம் திருச்சபையாருக்குச் சற்று வெட்கம் தரக்கூடியது. தோலில் எழுதப்பட்டிருந்த அதன் பிரதியை 13-ஆம் நூற்றாண்டில் சுரண்டி அழித்து, அந்த ஏடுகளின்மேல் ஒரு ஜெபப் புத்தகத்தை எழுதிவிட்டார்கள். 1906-இல் ஹைபர்க் என்னும் டென்மார்க் நாட்டு அறிஞர் கான்ஸ்டான்டிநோபிளில் அந்த ஜெபப் புத்தகத்தைப் பார்த்தபோது, ஜெபங்களுக்கு அடியில் மங்கலாய்க் கிடந்த எழுத்து ஆர்க்கிமிடீசுடையது என்று கண்டுகொண்டார். அழித்தவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. தோல் விலையுயர்ந்தது, அவர்களுக்கு அந்தக் கணக்கு புரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. மேலும், அந்த ஏடுகள் ஜெபப் புத்தகமாய்ப் பாதுகாக்கப்பட்டதனால்தான் ஆர்க்கிமிடீசும் பிழைத்தார் என்று சொல்வோர் உண்டு.

கெப்ளரின் கதை இதைவிட மகிழ்ச்சியானது. கோள்களின் பாதையைக் கண்ட அவர், இளமையில் டூபிங்கனில் இறையியல் பயின்று லூத்தரன் சபையின் ஊழியராக விரும்பியவர். கணித ஆசிரியர் பணிக்கு அனுப்பப்பட்டதால் அவருடைய பாதை மாறியது. 1613-இல் லின்ஸ் நகரில் தம் இரண்டாம் திருமணத்தையொட்டித் திராட்சரசப் பீப்பாய்களை வாங்கினார். விற்றவர் பீப்பாயின் துளை வழியே ஓர் அளவுகோலைச் சாய்வாக விட்டு, அது நனைந்த நீளத்தைப் பார்த்தே விலை சொன்னார். நடுவில் பருத்தும் முனைகளில் சிறுத்தும் இருக்கும் பீப்பாய்க்கு அது எப்படிச் சரியாகும் என்ற ஐயம் அவரை விடவில்லை. 1615-இல் பீப்பாய்களின் கன அளவைப் பற்றி ஒரு நூலையே வெளியிட்டுவிட்டார். நியூட்டனும் லைப்னிட்சும் பிறப்பதற்கு முன்பு, தொகை நுண்கணிதத்திற்கு வழி திறந்த நூல்களுள் அது ஒன்று.

இனி, பயன் என்ன என்ற கேள்விக்கு நேராக வருகிறேன். 2024 டிசம்பர் முதல் நாள்களை நம் மாவட்டத்தார் மறந்திருக்க முடியாது. பெஞ்சல் புயலின் மழையில் மலைச்சரிவு இடிந்து விழுந்து உயிர்களைப் பறிகொடுத்தோம். அதே நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் வினாடிக்கு 1,68,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டது. அந்த எண்ணைச் செய்தியில் கேட்டபோது, அது எவ்வளவு பெரியது என்பதை நம்மில் எத்தனை பேர் உணர்ந்தோம்? கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்திற்கு 3,600 வினாடிகள்; ஆகவே ஒரு மணி நேரத்தில் 60 கோடியே 48 லட்சம் கனஅடி. அணையின் முழுக் கொள்ளளவு 7,321 மில்லியன் கனஅடி, அதாவது 732 கோடியே 10 லட்சம் கனஅடி. வரத்து ஏதுமின்றி இந்த வேகத்தில் திறந்துகொண்டே இருந்தால், 119 அடி நிரம்பிய அணை ஏறக்குறைய 12 மணி நேரத்தில் வெறுமையாகிவிடும். அத்தனை தண்ணீர் இரவோடிரவாகக் கீழுள்ள ஊர்களை நோக்கிப் போயிற்று.

வரத்து ஒரே அளவாய் வந்திருந்தால் இங்கே பெருக்கலே போதும். ஆனால் மழை வெள்ளம் அப்படி வருவதில்லை. ஒரு மணிக்கு ஒரு வேகம், அடுத்த மணிக்கு வேறு வேகம். வேகத்தை வளைவரையாக வரைந்தால், அதன் கீழுள்ள பரப்பே அணைக்குள் வந்து சேர்ந்த மொத்த நீர். எந்த நேரத்தில் எத்தனை மதகுகளைத் திறப்பது, கீழே ஆற்றங்கரையில் இருப்பவர்களை எப்போது வெளியேறச் சொல்வது என்பவை அந்தப் பரப்பை முன்கூட்டியே மதிப்பிடுவதைச் சார்ந்தவை. நம் பிள்ளை தவறிய தாளில் "வளைவரையின் கீழமையும் பரப்பு" என்றொரு கேள்வி கட்டாயம் இருந்திருக்கும். கேள்வித்தாளில் அது வெறும் வளைகோடு; தென்பெண்ணைக் கரையில் அது குடியிருப்புகளின் காரியம்.

அப்படியானால் இந்தப் பாடம் ஏன் இத்தனை பிள்ளைகளைத் தடுக்கி விழச்செய்கிறது? இரண்டு காரணங்களை நான் காண்கிறேன்.

பள்ளியில் நம் பிள்ளைகள் தமிழில் பயின்றவர்கள். தொகையிடல், பிரதியிடல், பகுதிப் பின்னங்கள், வரையறுத்த தொகை என்பவை அவர்களுக்குப் பழகிய சொற்கள். கல்லூரிக்குள் நுழைந்ததும் அவையனைத்தும் இன்டகிரேஷன், சப்ஸ்டிடியூஷன், பார்ஷியல் ஃபிராக்ஷன்ஸ், டெஃபினிட் இன்டக்ரல் என்று ஆங்கிலமாகிவிடுகின்றன. தெரிந்த மனிதரே புதிய உடையில் வந்து நிற்கிறார். பிள்ளை அவரை அந்நியர் என்று எண்ணி அஞ்சுகிறது. அந்த மகளிடம் ஒரு கணக்கைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். நான் காபி குடித்து முடிக்குமுன் விடையைக் காட்டினாள். அதே கணக்கு அவளுடைய கேள்வித்தாளில் ஆங்கிலத்தில் இருந்தது.

மற்றது பாடத்தின் இயல்பிலேயே இருக்கிறது. வகையிடலுக்கு விதிகள் உண்டு. எவ்வளவு சிக்கலான சார்பைக் கொடுத்தாலும் விதிகளை வரிசையாய்ப் பயன்படுத்தினால் விடை வந்துவிடும். தொகையிடல் அதன் எதிர்த்திசைப் பயணம். இங்கே எல்லாக் கணக்கிற்கும் பொருந்தும் ஒரே பாதை கிடையாது. பிரதியிட்டுப் பார்க்க வேண்டும். நடவாவிட்டால் பகுதித் தொகையிடலை முயல வேண்டும். அதுவும் நடவாவிட்டால் முதற்படிக்கே திரும்பி வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றுப் பழகிய பிள்ளைக்கு இது பெரிய அதிர்ச்சி. ஆனால் இதற்குள் ஓர் ஆறுதலும் இருக்கிறது. விடை கண்டுபிடிப்பது கடினம் என்றாலும், கண்ட விடை சரியா என்று சோதிப்பது மிக எளிது. விடையை வகையிட்டுப் பாருங்கள். தொடங்கிய இடத்திற்கே வந்தால் சரி. ஆசிரியரைத் தேடிப் போகவும் தேவையில்லை, விடைக்குறிப்பும் தேவையில்லை. டியூஷனுக்குப் பணமில்லாத வீட்டில், இரவு ஒற்றை விளக்கின் கீழ் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு இதைவிடத் தகுந்த பாடம் எனக்குத் தெரியவில்லை.

எளிய வடிவில் விடையே இல்லாத கணக்குகளும் உண்டு. புள்ளியியல் படிப்போர் நாள்தோறும் கையாளும் மணி வடிவ வளைவரை அத்தகையது. மனிதரின் உயரத்தை அளந்தாலும், ஒரே பொருளைப் பலமுறை அளக்கையில் நேரும் சிறு பிழைகளைக் குறித்தாலும் தோன்றுவது அது. அதன் தொகையை நாம் கற்ற சாதாரணச் சார்புகளைக் கொண்டு எழுதவே இயலாது என்பது, 19-ஆம் நூற்றாண்டில் லியூவில் என்னும் பிரெஞ்சு அறிஞர் காட்டிய வழியில் நிறுவப்பட்டிருக்கிறது. ஆயினும் அதன் ஒரு முனை முதல் மறு முனை வரையுள்ள முழுப் பரப்பு நமக்குத் தெரியும். அதன் மிக எளிய வடிவத்தில் அது பையின் வர்க்கமூலம், ஏறத்தாழ 1.772.

அதைக் காணும் வழியை எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. ஒரு வளைவரையோடு போராடுவதை விட்டுவிட்டு, அதை அதன் நடுக்கோட்டைச் சுற்றிச் சுழற்றி ஒரு மலையாக்குங்கள். வேங்கிக்காலில் எந்தத் தெருவில் நின்றாலும் கண்ணில் படும் நம் மலையைப் போல அல்ல; எல்லாப் புறமும் ஒரே சீராய்ச் சரியும் மலை. கோட்டைவிட மலை கடினமல்லவா என்று தோன்றும். ஆனால் மலையை உச்சியைச் சுற்றிய வளையங்களாகப் பிரித்தால், வரமாட்டேன் என்று அடம்பிடித்த தொகை நாலு வரியில் வந்துவிடுகிறது. மலையின் கன அளவு சரியாகப் பை. அதுவே நாம் தேடிய பரப்பின் வர்க்கம். ஒரு பரிமாணத்தில் அடைபட்டிருந்த கணக்கு, இரண்டு பரிமாணங்களில் திறந்துகொண்டது. வகுப்பில் யாரோ கைதட்டிவிட்டார்கள். முதலாண்டில் படிப்பை நிறுத்திவிடுகிற பிள்ளை அந்தக் கரும்பலகை வரைக்கும் போய்ச் சேராமலே போய்விடும் என்பதுதான் என் வருத்தம்.

தேர்வில் தவறுவதைப் பற்றிப் பேசும்போது ராமானுஜனை இழுக்காத மேடை நம் நாட்டில் இல்லை. நான் அவரைக் குறிப்பிடுவது வேறொரு காரணத்திற்காக. கும்பகோணத்திலும் சென்னையிலும் அவர் தவறியது கணிதத்தில் அல்ல, மற்றப் பாடங்களில். ஆகவே தேர்வில் தவறினால் மேதையாகலாம் என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லாதீர்கள். அவருடைய வாழ்க்கையில் நம் ஊருக்கு அருகே நடந்த ஒரு காரியம் உண்டு. சாத்தனூருக்குக் கீழே தென்பெண்ணைக் கரையில், நம்மிடமிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் இருக்கிறது திருக்கோவிலூர். 1910-இல் அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயர், 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்திற்கு வித்திட்டவர். பட்டமில்லாத, வேலையில்லாத ராமானுஜன் தம் குறிப்பேடுகளை எடுத்துக்கொண்டு அவரிடம் போய் ஓர் எழுத்தர் வேலை கேட்டார். குறிப்பேடுகளைப் புரட்டிய ராமஸ்வாமி ஐயர், வருவாய்த் துறையின் கடைநிலை வேலையில் இந்த இளைஞரை அமர்த்தி முடக்கிவிட மனமில்லாமல், சென்னையிலுள்ள கணித அறிஞர்களுக்கு அறிமுகம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். கேட்ட வேலையைக் கொடுத்திருந்தால் அன்றைய பசி தீர்ந்திருக்கும். அந்த வேலை வேண்டாம் என்று நினைத்த அதிகாரியை நான் பல நாள் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

ராமானுஜன் 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தரானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில் வரையறுத்த தொகைகள் பல இருந்தன. அவ்வாண்டு மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தம் வேலையைப் பற்றி அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. கப்பலேறுமுன் அவர் கொடுத்த மூன்று அறிக்கைகளும் பெரும்பாலும் எதைப் பற்றியவை தெரியுமா? வரையறுத்த தொகைகளைப் பற்றியவை. ஒரு சார்பைத் தொடராக விரித்து, அதன் கெழுக்கள் எந்த விதியின்படி வருகின்றன என்று அறிந்துகொண்டால், அந்த விதியில் ஒரு குறை எண்ணை இட்டே பூச்சியம் முதல் முடிவிலி வரையுள்ள தொகையைச் சொல்லிவிடலாம் என்று அவர் கண்டிருந்தார். அந்த முறை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்னும் நிபந்தனைகளைப் பின்னர் ஹார்டி வகுத்துக் கொடுத்தார். நம் பிள்ளைகளின் முதலாண்டுத் தாளில் இருக்கும் அதே குறியீடு, அந்த அறிக்கைகளிலும் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

ஆகவே அந்த இரு தகப்பன்மாருக்கும் நான் சொன்னது இது. படிப்பை நிறுத்த வேண்டாம். 'அரியர்' என்று பிள்ளைகள் சொல்லும் நிலுவைத் தாளை மறுபடியும் எழுத வழியிருக்கிறது. ஒரு தாளுக்காக மற்றத் தாள்களில் பெற்ற தேர்ச்சியைக் கைவிடுவது நஷ்டம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மகனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கல்லூரியை விட்டால் அதுவும் நிற்கும். ஒருவர் சம்மதித்தார். மற்றவர் இன்னும் யோசிக்கிறார். வீட்டில் கடன் இருக்கிறது, அதை நான் அறிவேன். அவரை யாரும் வழியில் நிறுத்தி அறிவுரை சொல்ல வேண்டாம். கடனைக் குறித்து ஏதேனும் செய்யக்கூடியவர்கள் என்னைத் தனியே சந்தியுங்கள்.

வருகிற சனிக்கிழமை தொடங்கி வாரந்தோறும் மாலை 5 மணி முதல் 7 மணி வரை ஓய்வுநாள் பள்ளி அறையில் தொகை நுண்கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். நம் சபையில் கணித ஆசிரியராயிருந்து ஓய்வுபெற்ற தாயார் ஒருவரும் உடன் வர இசைந்திருக்கிறார். முதல் நாள் வேலை, தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் எதிரெதிரே எழுதிய ஒரு பட்டியலைத் தயாரிப்பது. ஆகையால் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகம் வீட்டில் இருந்தால், பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாமல் எடுத்து வாருங்கள். நம் சபையைச் சேராத பிள்ளைகளும் வரலாம். இரண்டாம் வாரம் மழையில்லாவிட்டால் ஏரிக்கரைக்கு நடந்து போய், அளவுநாடாவைப் பிடித்து அளந்து பார்க்க எண்ணியிருக்கிறோம். நாடாவை நம் கொத்தனார் சகோதரர் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.